கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வர, பழமையும் நல்ல மீன் சாப்பாடும் உள்ள கரையோர ஊர் எது?

நீர்கொழும்புதான். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். சின்னம்மா கலியாணம் கட்டிப் போனது நீர்கொழும்பு கடற்கரைத் தெருவுக்கு. அதனால் பள்ளி விடுமுறை என்றாலே எங்களுக்கு அந்த ஊர்தான்.

கட்டுநாயக்க விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், நீர்கொழும்பு என்றதும் பலர் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் கடற்கரையை நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அங்கே போகாமல், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிற பழைய நகரத்துக்குப் போங்கள். புறக்கோட்டையில் 240ஆம் இலக்க பஸ் எடுக்கலாம், புத்தளம் கோச்சியும் அந்த வழியாகத்தான் போகும். தூரம் 40 கிலோமீட்டருக்கு உள்ளேதான், ஆனால் வெள்ளெனக் கிளம்ப வேண்டும். விடியும்போது நீங்கள் லெல்லமவில் நிற்க வேண்டும். மீன் சந்தையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். ஊரில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள், அன்று கடல் தொழிலுக்கு ஓய்வு.

சூரை, அறக்குளா, பாரை, கணவாய் எல்லாம் அங்கே தரையிலேயே குவிந்து கிடக்கும். பக்கத்து மணலில் பிளந்து உப்பிட்ட மீனைத் தென்னந்தும்புப் பாய்களில் பரப்பி வைத்திருப்பார்கள். கருவாடு உருவாவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அந்த ஊரின் உண்மையான பெருமை என்று நான் சொல்வது இறாலைத்தான். குஞ்சு இறால் கடலிலிருந்து களப்புக்குள் வந்து, கண்டல் காட்டு நிழலில் வளர்கிறது. பெரிதானதும், இரவில் களப்புத் தண்ணீர் வடியும்போது அதோடு சேர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. அந்த வாய்க்கால்களில் கம்பு நட்டு வலை கட்டி அதைப் பிடிக்கிறார்கள். கட்டுதெல் என்று பெயர். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கின்றன. நல்ல இடத்தை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சித்தப்பா இதை எனக்கு விளக்கிச் சொன்ன நாளிலிருந்து இறாலைச் சும்மா ஒரு சாப்பாட்டுச் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய நகரத்தில் இருக்கும் கோட்டையைப் பார்க்க அரை மணி நேரம் போதும். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1640இல் பிடித்து, பறிகொடுத்து, 1644இல் மறுபடி பிடித்தார்கள். எல்லாம் சுற்றுவட்டாரக் கறுவாவுக்காக. வாசல் வளைவில் 1678 என்ற ஆண்டை இன்றும் பார்க்கலாம். உள்ளே இப்போது சிறைச்சாலை, அதனால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். நேரம் மிஞ்சினால், 1874இல் கட்டத் தொடங்கிய மரியன்னை ஆலயத்துக்குள் போய் அதன் கூரை ஓவியங்களைப் பாருங்கள். கடற்கரைத் தெருவில் அம்மன் கோயிலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே மீனவரோடு தமிழில் பேசிப் பாருங்கள். பெயரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சிங்களமாக இருந்தாலும், வயதானவர்கள் பலர் தங்களுக்கே உரிய ஒரு தமிழில் பதில் சொல்வார்கள். நம் பேச்சிலிருந்து அது கொஞ்சம் விலகி நிற்கும், ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சுக்கு நெருக்கமாகிவிடும். இளையவர்களிடம் அது குறைந்துகொண்டே வருவது எனக்குப் பெரிய கவலை.

சரி, சாப்பாடு. ஒருமுறை கடற்கரைப் பக்கத்துக் கடையொன்றில் நண்டுக் கறி கேட்டோம். ஓட்டுக்குள் தண்ணீர்தான் இருந்தது. சின்னம்மாவிடம் சொன்னபோது, "பிள்ளை, நண்டைக் கண்ணால பாக்காமச் சமைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். அவர் காட்டித் தந்தது இது: உயிரோடு இருக்கும் நண்டாகப் பார்த்து, அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். அளவுக்கு மீறிய கனம் கையில் தெரிந்தால் சதை நிறைந்திருக்கிறது. சமைக்கும் முன் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் யாரும் கோபிக்க மாட்டார். முருங்கையிலை போட்ட குழம்போடு புட்டுக் கிடைத்தால் வேறு எதுவும் கேட்காதீர்கள்.

திரும்பும்போது நெத்தலிக் கருவாடு வாங்குவதென்றால் காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு போனால் நல்லது தீர்ந்திருக்கும்.