9 மீட்டரிலிருந்து போட்டுப் பார்த்தால் போதுமா?

கேள்வி: லண்டன் வெம்பிளியில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருக்கிறோம். அணு உலையில் எரித்து முடித்த எரிபொருளை வடமேற்கு இங்கிலாந்தின் செல்லஃபீல்டு அணு வளாகத்துக்குக் கொண்டுபோகும் ரயில் இந்த வழியாகப் போகிறது. அந்தக் கொள்கலனை 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்களாம். கணக்குப் போட்டால் மணிக்கு 48 கிலோமீட்டர்தான் வருகிறது. ரயில் அதைவிட வேகமாகப் போகுமே? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் கணக்கு சரி. ஆனால் கலம் எதன்மேல் விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கனத்த கான்கிரீட் திட்டின்மேல் எஃகுத் தகடு பதித்த தளம் அது, துளியும் அமுங்காது. மோதலின் வேகம் முழுவதையும் கலமே தாங்கியாக வேண்டும். நிஜ விபத்தில் எஞ்சினும் மண்மேடும் நசுங்கி, அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். அதுவும் எந்தப் பக்கமாக விழுந்தால் சேதம் அதிகமோ, அந்தப் பக்கமாகவே போடுகிறார்கள். அப்புறம் 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கம்பத்தின்மேல் 1 மீட்டரிலிருந்து ஒரு போடு. அடிபட்ட அதே கலத்துக்கு 800 டிகிரித் தீயில் அரை மணி நேரம். சிறிய மாதிரியிலோ கணக்கீட்டிலோ நிரூபிக்கவும் விதி இடம் தருகிறது.

நிஜமாகவே மோதிப் பார்த்ததும் உண்டு. 1984 ஜூலை 17-ல் இங்கிலாந்தின் ஓல்ட் டால்பி ரயில் சோதனைப் பாதையில், தண்டவாளத்தில் கிடத்திய கலத்தின்மேல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயிலை விட்டார்கள். எஞ்சின் சிதைந்தது. கலத்தின் உள்ளழுத்தம் மிகச் சொற்பமாகவே குறைந்தது, அதாவது கசிவு அநேகமாக இல்லை.

நான் அதிகம் கவனிப்பது சுவரை அல்ல, மூடியை. மூடிக்கடியில் இருக்கும் அடைப்பு வளையமும் போல்ட்டுகளும்தான் காலத்தோடு தேயும். சான்றிதழ் வடிவமைப்புக்குத் தருவது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கசிவு பார்ப்பதும் மேற்பரப்பைத் துடைத்து, கதிரியக்க அழுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பதும் அனுப்புகிறவர் கடமை. 1998-ல் ஜெர்மனி இத்தகைய போக்குவரத்தை நிறுத்தியதற்குக் காரணம் கலம் உடைந்தது அல்ல. எரித்த எரிபொருளை மூழ்க வைக்கும் குளத்து நீரின் கதிரியக்க அழுக்கு வெளிப்பரப்பில் வரம்புக்கு மேல் ஒட்டியிருந்தது. அதனால் அணு ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதினால், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கும். அடைப்பு வளையத்தை எப்போது மாற்றுகிறார்கள், துடைத்து அளந்த பதிவை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயம்: வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி, மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு இருக்கக் கூடாது. அந்த உச்ச அளவிலேயே ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றாலும், நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் படுவதைவிடக் குறைவு. உங்கள் ஜன்னல் அதைவிடத் தூரம், ரயில் கடப்பதும் சில நொடிதான். அவர்கள் நின்று வேடிக்கை பார்க்கட்டும்.