தங்கைக்கு உயிராபத்து உண்டா என்று கேட்ட சகோதரிக்கு

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்: 19 வயதுத் தங்கை ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, மாதவிடாய் நின்றுவிட்டது, நேற்றுக் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள், "உயிருக்கு ஆபத்து வருமா?" என்று.

வரும், சகோதரி. இன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இது அனோரெக்சியாவாக, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவைத் தவிர்க்கும் மனநோயாக இருக்கலாம். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த பகுப்பாய்வின்படி, இந்நோயாளிகளின் இறப்பு வீதம் ஏனையோரைவிட ஏறத்தாழ 6 மடங்கு. இறந்தவர்களில் 5 பேரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். ஆகவே அவளது மனநிலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

பட்டினியில் இதயத்தசையும் மெலிகிறது, துடிப்பு மந்தமாகிறது. வாந்தி எடுப்பவள் என்றால் பொட்டாசியம் குறைந்து இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

என் மச்சாளின் மகள் பிட்டைப் பிசைந்து பிசைந்து, கடைசியில் தாவணி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துபோவாள். கண்ணூறு என்று நூல் கட்டினோம். மூன்று மாதம் வீணாகிவிட்டது. நீங்களும் கட்டுங்கள், ஆனால் வைத்தியசாலைக்குப் போய்வந்த பிறகு.

முக்கியமாக, பயத்தில் ஒரேயடியாகச் சோற்றை ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் பொஸ்பேற் என்ற தாது உப்பு சரிந்து, அதுவே உயிரைப் பறிக்கலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும். அவள் வர மறுத்தால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி எண். போய்வந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.