புது மெத்தை வந்தாச்சு, நாய் மட்டும் தரையில்: கேள்வி பதில்

நாய்ப் படுக்கை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் மணிக்கு நல்ல மெத்தையாகப் பார்த்து வாங்கினோம். சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, அதை ஒட்டியே வெறும் தரையில் படுத்துக்கொள்கிறான். தூக்கி உள்ளே வைத்தால் அடுத்த நொடி இறங்கி ஓடுகிறான். என்ன செய்வது?

முதலில் தூக்கி வைப்பதை நிறுத்துங்கள். தனக்குப் பிடிபடாத ஒன்றின்மேல் பிடித்து உட்கார வைத்தால், மெத்தை என்றாலே பிடித்து அமுக்குவார்கள் என்றுதான் அவன் மனதில் பதியும்.

அவனுக்கு உறுத்துவது பெரும்பாலும் வாசனைதான். மனித மூக்கில் மோப்ப உணர்விகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை போகும். நமக்கு லேசாகத் தெரியும் சாய வாடை, பிளாஸ்டிக் உறை வாடை எல்லாம் அவனுக்கு மூக்கைத் துளைக்கும். உறையைக் கழற்றி, வாசனை சேர்க்காத சோப்புத் தூளில் ஒருமுறை துவைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சை இரண்டு மூன்று நாள் காற்றாட வையுங்கள். பிறகு அவன் பழைய துண்டையோ, நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத டிஷர்ட்டையோ மேலே விரியுங்கள்.

அப்புறம் பழக்குவது. நன்றாக ஓடி ஆடி, களைத்து வந்த நேரமாகப் பாருங்கள். மெத்தையின் ஓரத்தில் பிஸ்கட் துண்டு ஒன்றை வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அவன் என்ன செய்வான் தெரியுமா? பின்னங்கால்கள் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, துண்டைக் கவ்விக்கொண்டு பின்வாங்குவான். வாங்கட்டும், நீங்கள் கைதட்டவும் வேண்டாம், “வா வா” என்று கூப்பிடவும் வேண்டாம். அடுத்த துண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே. நாலு காலும் மேலே வந்துவிட்டால் உடனே இன்னொன்று. தானாக உட்கார்ந்தாலோ படுத்தாலோ, துண்டை முன்னங்கால்களுக்கு நடுவில், கீழே போடுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் வாங்குவதற்காக எழுந்துவிடுவான், படுத்த பலன் போய்விடும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அவனுக்குச் சலிப்பதற்கு முன் நீங்களே முடித்துவிடுங்கள்.

எத்தனை நாளில் பழகும்?

சில நாய்கள் அன்றைக்கே ஏறிப் படுத்துவிடும். பயந்த சுபாவம் உள்ளதும், வேறு வீட்டிலிருந்து வந்ததும் சில வாரங்கள்கூட எடுத்துக்கொள்ளும். நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாக மெத்தையில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஹால் மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் போட்டிருக்கிறோம். அது என்னவோ வாசல் பக்கம்தான் போய்ப் படுக்கிறது.

இடைஞ்சல் இல்லாத இடம் என்று தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே! அதற்கு வேண்டியது யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிகிற இடம். முதுகுப் பக்கம் சுவரோ அலமாரியோ இருந்தால் இன்னும் நிம்மதி. மெத்தையை அது ஏற்கெனவே படுக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ப் போடுங்கள். மெத்தை பழகியபின், தினம் ஒரு முழம் நகர்த்தி உங்களுக்கு வசதியான இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஆட்களே வராத மூலை வரைக்கும் நகர்த்தினால் பழையபடி வாசலுக்கே போய்விடும். வாஷிங் மெஷின் பக்கம் போடவே வேண்டாம்.

ரோமம் அடர்ந்த நாய். வெயில் காலத்தில் மெத்தையைத் தொடுவதே இல்லை.

தொடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாத அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வயிற்றைக் குளிர்ந்த தரையில் பதிப்பது அதற்குப் பெரிய ஆறுதல். சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய, கட்டில் மாதிரியான படுக்கை கிடைக்கிறது. அடியில் காற்று ஓடும், அதைப் பாருங்கள். உடல் கனமான நாய் எப்போதும் வெறும் தரையிலேயே படுத்தால் முன்னங்கால் முட்டியில் ரோமம் உதிர்ந்து தோல் காய்த்துப்போகும், சிலவற்றுக்கு நீர் கோத்து வீங்கவும் செய்யும். அதனால் படுக்கையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நாலு மாதக் குட்டி. படுக்கப் போட்டால் பிய்த்துப் பஞ்சைப் பறக்கவிடுகிறது.

பல் விழுந்து முளைக்கிற வயது. ஆறேழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும், கிடைத்ததைக் கடிக்கும். இப்போதைக்கு விலை உயர்ந்த மெத்தை எதற்கு? பழைய துண்டு, போர்வை போதும். கூடவே கடிக்க ரப்பர் பொம்மை கொடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் பஞ்சு, ஸ்பாஞ்ச் உள்ள எதையும் விட்டுவைக்காதீர்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். விடாமல் வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் கழிக்க முக்குவது என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

படுப்பதற்கு முன் காலால் பறண்டுவதும் இரண்டு சுற்றுச் சுற்றுவதும் வேறு விஷயம். அது நாயின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

புது மெத்தையில் மூத்திரம் போய்விட்டது. திட்டலாமா?

வேண்டாம். நேரம் கடந்து திட்டினால் எதற்கு என்றே அதற்குப் புரியாது. வெறும் தண்ணீரில் அலசினால் வாடை போகாது. செல்லப்பிராணிக் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தில் ஊறவிட்டுத் துவையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அந்த வாடையே மறுபடி அங்கே போகத் தூண்டலாம். வளர்ந்த நாய் திடீரென்று இப்படிச் செய்தால் சிறுநீர்த் தொற்றா என்று பரிசோதியுங்கள். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் தன்னையறியாமல் நனைத்தால், அதற்கு மருந்தே இருக்கிறது.

எங்கள் கிழவனுக்குப் பன்னிரண்டு வயது. பழைய மெத்தை நைந்துபோனதால் எறிந்துவிட்டு, மெத்துமெத்தென்று ஒன்று வாங்கினோம். ராத்திரி பூரா எழுந்து எழுந்து இடம் மாறுகிறான்.

பழையது இன்னும் குப்பைக்குப் போகவில்லையென்றால் எடுத்து வாருங்கள். அதன் உறையை மட்டுமாவது புதியதன் மேல் போடுங்கள், அவன் வாடை அதில்தான் இருக்கிறது.

ரொம்ப மிருதுவாக இருப்பதும் வம்பு. மூட்டு வலி உள்ள நாய் அதில் புதைந்துவிட்டால் எழுந்திருக்கப் படாதபாடு படும். அவனுக்கு வேண்டியது கெட்டியான ஃபோம். மெத்தைமேல் உங்கள் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். தரை தட்டினால் அது அவனைத் தாங்காது. ஏறி இறங்கும் பக்கம் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், தரை வழுக்கினால் சறுக்காத மிதியடி ஒன்று போடுங்கள். என் சந்தேகம் மெத்தைமேல் பாதிதான். வலி தாங்காமலும் நாய் இப்படிப் புரளும். பகலில் தூங்கி இரவில் அலைவது, மூலையில் போய்ச் சும்மா நிற்பது என்றெல்லாம் இருந்தால், அது மூளை தளர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எப்படியானாலும் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

மெத்தையில் படுத்திருக்கும்போது என் மகன் கிட்டே போனால் உறுமுகிறது.

உறுமலுக்குத் திட்டாதீர்கள். அது “தள்ளிப் போ” என்று முன்கூட்டியே சொல்கிறது. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும். நாய் மெத்தையில் இருந்தால் யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாக வையுங்கள். வேண்டுமானால் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் தின்ன ஏதாவது கொடுங்கள். பல்லைக் காட்டிப் பாயும் அளவுக்குப் போயிருந்தால் இரண்டு பேரையும் தனியே விடாதீர்கள், நாய்களின் நடத்தை தெரிந்த நிபுணரிடம் நேரில் காட்டுங்கள்.

என்ன அளவு வாங்குவது?

நீட்டிப் படுத்துத் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் சுருண்டே படுக்கிற நாய் என்றால் விளிம்பு உயர்ந்த வட்ட மெத்தை பிடிக்கும்.

நாய்க்கு வாங்கியதைப் பூனை பிடித்துக்கொண்டது. நாய் பாவமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பூனையோடு வழக்குப் பேச முடியாது. அதற்கு உயரமான இடத்தில் வேறொரு படுக்கை ஏற்பாடு செய்யுங்கள். காசு செலவழிக்க வேண்டாம், மெத்தை வந்த அட்டைப்பெட்டியே போதும்.