உஸ்தாத் வாத்தியார் ஆக முடியுமா?

கேள்வி: 17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வயது 37. பிளஸ் டூ முடித்த கையோடு போனவன். கடைசி மூன்று வருடம் நீலகிரி வெலிங்டனில் ரெக்ரூட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாக இருந்தேன். பட்டப்படிப்புக்குச் சமம் என்று ராணுவம் ஒரு சான்றிதழும் தந்திருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படைவீரர்களை அரசே ஆசிரியராக்குகிறதாமே, இங்கே எனக்கு வழி உண்டா?
- முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்

பதில்: அந்தச் சான்றிதழை முதலில் பீரோவில் வையுங்கள். உங்களை ஏமாற்றப்போவது அதுதான். 15 வருடப் பணி முடித்தவர்களுக்குத் தருகிற அது, பட்டம் கேட்கும் குரூப் சி பணிகள் சிலவற்றுக்கு உதவும். பி.எட். சேர்க்கையில் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கதையும் நீங்கள் கேள்விப்பட்டதுபோல் அவ்வளவு சுலபமில்லை. பனிப்போர் முடிந்து படையை ஆள்குறைப்பு செய்தபோது, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா இதை ஆரம்பித்தது. பணமும் வழிகாட்டலும் கொடுத்தார்கள். ஆனால் அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமத்தை வீரரே வாங்க வேண்டியிருந்தது. இங்கிலாந்துதான் ஒருபடி மேலே போய், பட்டம் இல்லாதவர்களையும் 2014-ல் எடுத்துப் பார்த்தது. வாரத்தில் நான்கு நாள் பள்ளி, ஒரு நாள் பல்கலைக்கழகம், இப்படி இரண்டு வருடம். அறிவிப்பில் இருந்த ஆரவாரத்துக்கு ஏற்ற அளவில் ஆட்கள் வரவில்லை. பிறகு 2018-ல், ஆசிரியர் தகுதியோடு சேர்ந்த பட்டப்படிப்பைப் படிக்கும் முன்னாள் வீரர்களுக்கு 40,000 பவுண்டு உதவித்தொகை என்று மாற்றி அறிவித்தார்கள். சுற்றிச் சுற்றி அவர்களும் பட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள், பார்த்தீர்களா?

இங்கே உங்கள் கணக்கு இது. மூன்று வருடம் பட்டம்; இதை அஞ்சல் வழியிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ முடிக்கலாம். பிறகு பி.எட். இரண்டு வருடம். அதை மட்டும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும், தொலைநிலை பி.எட். ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. அதன்பின் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கான இரண்டாம் தாள். தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் அதுவே வேலை ஆகிவிடாது. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு. ஒன்று முதல் ஐந்து வகுப்பு எடுக்கலாமே என்றால், 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அதற்கு பி.எட். பொருந்தாது.

கணக்கோ இயற்பியலோ எடுங்கள் என்பேன். 'மிலிட்டரிக்காரர்தானே, உடற்பயிற்சி மாஸ்டர் ஆகட்டும்' என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் தனிப் படிப்பு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. வெலிங்டனில் நீங்கள் உஸ்தாத். 'புரிந்ததா?' என்று கேட்டால் மொத்த ஸ்குவாடும் ஒரே குரலில் பதில் சொல்லும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் டியூஷன் ஆரம்பித்தார். முதல் நாள் அதே கேள்வியைக் கேட்டார். ஏழாவது படிக்கும் பொடியன் ஒருவன், "இல்ல சார், நீங்க கத்தினதுல பயமா இருந்துச்சு" என்றான். மனிதர் ஒரு வாரம் தொண்டையைத் தாழ்த்தப் பழகினார். இப்போது அவர் வீட்டு வாசலில் பதினைந்து சைக்கிள் நிற்கிறது.

பட்டப்படிப்புக்குப் பணம் கட்டும் முன், பக்கத்து நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டு இரண்டு நாள் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால், வீட்டம்மாவிடம் ஐந்து வருடக் கணக்கைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பென்ஷன் வருகிறது என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் சொல்கிறேன்.