தக்காளிப் பூ கொட்டுதுன்னா உரத்தை நிறுத்துங்க

பூ நிறைய வந்தும் காய் பிடிக்காம கொட்டுதுன்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு இன்னும் உரம் போடாதீங்க, பெரும்பாலும் வெயில்தான் காரணம். பகல்ல 32 டிகிரிக்கு மேல, ராத்திரியும் 22-க்குக் கீழ இறங்காம தொடர்ந்து இருந்தா மகரந்தம் கெட்டுப்போய் பூ காம்போட விழுந்துடும்.

ராத்திரி செடி பக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சு ஒரு வாரம் பாருங்க. சூடு குறையலைன்னா மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டி, வேர்ப்பக்கம் காய்ஞ்ச இலை பரப்பி, காலைல பூங்கொத்தை விரலால லேசா தட்டி விடுங்க, இந்தத் தட்டுறதை விட்டுடாதீங்க.

ராத்திரி குளுமையா இருந்தும் கொட்டுதா? இலை கரும்பச்சையா கொழுத்திருந்தா உரத்துல வர்ற தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம்னு அர்த்தம்.

செடியைப் புடுங்கிடாதீங்க, நோய் இல்லைன்னா வெயில் தணிஞ்சதும் அதுலயே காய் பிடிக்கும்.