கடலோரப் பயணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கத்தில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,500, ஒரு லட்சம் ரூபாய் சீட்டுக்கு 5,000, பிள்ளைகள் படிப்பு, வீட்டுச் செலவு எல்லாம் போக எட்டாயிரம் மிஞ்சும். வங்கியில் அவசரத்துக்கென்று 40,000 இருக்கிறது. மாமியார், இரண்டு பிள்ளைகளோடு காலாண்டு விடுமுறையில் கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகவே தனுஷ்கோடி வரை ஆறு நாள் நாங்களே கார் ஓட்டிப் போய்வர ஆசை. 85,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். என் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, டிசம்பரில் சீட்டை ஏலத்தில் எடுத்து மீட்டுவிடலாம் என்கிறார் கணவர். அத்தான் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இது சரியாக வருமா?

பதில்: போய்வாருங்கள் சகோதரி. உங்கள் வருமானத்துக்கு இது மீறிய ஆசை கிடையாது. சங்கிலி மட்டும் உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். பயணத்தைக் காலாண்டு விடுமுறையிலிருந்து வரும் மே மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அத்தானின் காரைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடகு. 85,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 850 ரூபாய். கேட்க சின்னத் தொகைதான். ஆனால் சீட்டுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஏலத்தில் 20,000 தள்ளு கொடுத்து, அதாவது அவ்வளவு குறைத்துக் கேட்டு எடுத்தீர்கள் என்றால் கையில் வருவது 80,000. அந்த 20,000-க்குள்தான் சீட்டு நடத்துபவரின் கமிஷனும் அடக்கம். அசலுக்கே குறைகிறது, மூன்று நாலு மாத வட்டியை எங்கிருந்து கட்டுவீர்கள்? ஆக, வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிப்பீர்கள். மறுபக்கம் மீதி மாதங்களுக்குச் சீட்டுத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். நம் மாவட்டத்தில் நகை மூழ்கிப்போன குடும்பங்கள் பலவற்றின் கதை இப்படிப் புதுப்பித்ததில்தான் தொடங்கியது. தொழிலுக்கோ மருத்துவத்துக்கோ நகையை வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். விடுமுறைக்கு வேண்டாம். சீட்டைக் கடைசி வரை விட்டுவைத்தால் கமிஷன் மட்டும் போக, ஏலத் தள்ளு இல்லாமல் எடுக்கலாம். சீட்டு பதிவு பெற்றதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் 85,000. அது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. ஆறு நாளில் முதல் நாளும் முதல் இரவும் கன்னியாகுமரியிலேயே கழிகிறது என்று நினைக்கிறேன். முட்டம், குளச்சல், சொத்தவிளை, வட்டக்கோட்டை எல்லாம் நம் வீட்டு முற்றம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு ஏன் அறை வாடகையும் கார் வாடகையும்? அதிகாலை நாலு மணிக்கு மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பினால் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, இட்லி சாப்பிட்டு, கூடங்குளம், உவரி, மணப்பாடு வழியாக மாலைக்குள் திருச்செந்தூர் போய்விடலாம். கன்னியாகுமரியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தடியில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள், செலவில்லை. மறுநாள் தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி வழியாக ராமேஸ்வரம். அங்கே இரண்டு இரவு. தனுஷ்கோடிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. திரும்பும்போது தூத்துக்குடியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் திருநெல்வேலி, நாங்குநேரி வழியாக வீடு. ஐந்து நாள், நாலு இரவு.

இதற்கு நான் போடும் கணக்கு: கார் வாடகை நாளுக்கு 2,500 என்று வைத்து 12,500. சுற்றலையும் சேர்த்து 850 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 6,000. இரண்டு அறை, நாலு இரவு, அறைக்கு 2,000 வீதம் 16,000. ஐந்து பேர் சாப்பாடு நாளுக்கு 2,500 வீதம் 12,500. படகு, தரிசனச் சீட்டு, சுங்கம், பார்க்கிங் 4,000. ஆகமொத்தம் 51,000. எதிர்பாராததற்கு 9,000 சேர்த்து 60,000 என்று வையுங்கள். மே மாதத்தில் ஒரு விஷயம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும் கரைக்கு வருவதால் ராமேஸ்வரத்தில் வஞ்சிரம் வறுவலுக்கு விலை ஏறியிருக்கும். சாப்பாட்டுக் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டது அதனால்தான். அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரத்தில் அறை தேடாதீர்கள், திருச்செந்தூருக்குச் செவ்வாய், வெள்ளி வேண்டாம். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்வதிலேயே இரண்டாயிரம் மூவாயிரம் மிஞ்சும்.

அந்த 60,000-க்கு உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஆகஸ்ட் முதல் மாதம் 6,500 ரூபாய்க்கு ஒன்பது மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். 6 சதவீத வட்டி கிடைத்தால் மே தொடக்கத்தில் ஏறத்தாழ 60,000 கைக்கு வரும். அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்து வருடம். இதற்குப் பொருந்தாது. சம்பளம் ஏறிய மறுநாளே தானாகக் கழியும்படி தேதி வையுங்கள். மாதம் 1,500 அப்போதும் கையில் நிற்கும். அந்த 40,000-ஐத் தொடவே கூடாது.

இப்போது கார். அத்தான் நல்ல மனசோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வாடகை வண்டி ஆகிவிடும், தனியார் கார் பாலிசியில் வாடகைப் பயன்பாட்டுக்குக் காப்பீடு கிடையாது. வேம்பாருக்கும் சாயல்குடிக்கும் நடுவில் இருட்டில் ஒரு மாடு குறுக்கே வந்து வண்டியின் முன்பக்கம் நொறுங்கினால், பழுதுச் செலவு முழுவதும் உங்கள் தலையில். யாருக்காவது அடிபட்டுவிட்டால் இன்னும் மோசம்: காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அத்தானிடம் அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். நாளுக்கு ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு குடும்பம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டுமா?

அவர் உண்மையிலேயே ஒரு பைசா வாங்காமல் கொடுத்தால் அது வேறு. உங்கள் கணவருக்கு நடப்பிலுள்ள ஓட்டுநர் உரிமம் இருந்தால் பாலிசி செல்லும். அப்போதும் இரண்டு விஷயத்தை முன்பே பேசிவிடுங்கள். கிளெய்ம் போட நேர்ந்தால் அத்தான் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை) போய்விடும், அது 50 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். அந்த நஷ்டம் யாருடையது? இன்னொன்று, பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வண்டி உரிமையாளருக்கானது. ஓட்டிப்போகும் உங்கள் கணவருக்கு இல்லை.

என் யோசனை, கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட, சுயமாக ஓட்டுவதற்கென்றே அனுமதி பெற்ற வாடகைக் கார். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ எடுக்கலாம், கேரள வண்டி என்றால் தமிழ்நாட்டுக்கான பெர்மிட், வரி யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். விபத்து நடந்தால் உங்கள் பங்கு அதிகபட்சம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் பணம் சில நாள் முடங்கும், பயணச் செலவுக்கான காசை அதில் எண்ணாதீர்கள். சாவி வாங்கும்போதே வண்டியைச் சுற்றி நடந்து வீடியோ எடுங்கள்: நாலு பக்கமும், டயர், கிலோமீட்டர் மீட்டர், பெட்ரோல் முள், பம்பரின் அடிப்பக்கம். கடற்கரை மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் வரும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பொறுப்பேற்காது, அதற்குத் தனி எஞ்சின் பாதுகாப்பு இருக்க வேண்டும். ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டுமே என்பதால் இதற்கு உதவாது.

அறைகளை, முந்தின நாள் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் வகையில் எடுங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. மே மாதம் நம் கரையில் கள்ளக்கடல், அதாவது திடீரென எழும் பேரலை வரும் காலம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. எச்சரிக்கை வந்த அன்றைக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம் உங்களைக் கரைக்கு இழுக்கக் கூடாது. கடல் அலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் அறிவிப்பைத் தினமும் காலையில் பாருங்கள். இணையத்தில் கிடைத்த எண்ணுக்கு அறை முன்பணம் அனுப்புமுன் அந்த விடுதிக்கே நேரடியாகப் பேசி உறுதி செய்யுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு மே வரை காத்திருக்க வேண்டாம். நீங்களும் கணவரும் உங்கள் வங்கிக் கிளையில் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். மாமியாருக்கு 70 வயது தாண்டவில்லை என்றால் அவரையும் சேர்க்கலாம். அதன் காலம் மே 31-இல் முடிந்து ஜூன் 1-இல் புதுப்பிக்கும், எனவே மே கடைசியில் கணக்கில் 20 ரூபாயாவது மிச்சம் இருக்கட்டும்.