அரசு நிறுவனங்களில் வெளிநாட்டுப் பணம்: அண்ணாச்சி பதில்கள்

கேள்வி (ராதாபுரம்): அண்ணாச்சி, கூடங்குளத்தில் ரஷ்யாவுக்குப் பங்கு இருக்கா?

பதில்: கிடையாது தம்பி. ரஷ்யா உலை கொடுத்தது, கட்டித்தர உதவியது, கடனும் கொடுத்தது. கடனைத் திருப்பிக் கட்டுகிறோம், உரிமை நம்மிடமே இருக்கிறது. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் முழுக்க மத்திய அரசுடையது.

கேள்வி (தூத்துக்குடி): அப்படியென்றால் வெளிநாட்டுக்காரர்கள் நேரடியாகப் பங்கு வைத்திருக்கும் அரசு நிறுவனமே இல்லையா?

பதில்: இருக்கிறது. மணலியில் ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியத்தைப் பாருங்கள். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கும்போதே மத்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் ஆமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஆமோகோ 1985இல் விலகியது. ஈரான் தரப்பு இன்னும் சுமார் 15.4 சதவீதத்தோடு உள்ளே இருக்கிறது. ஆனால் இந்தியன் ஆயில் கையில் 51.89 சதவீதம், அதனால் கடைசி முடிவு அவர்களுடையது. பங்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பாதிக்கு மேல் யாரிடம்?

உங்கள் ஊர் என்.டி.பி.எல். அனல் மின் நிலையம் (500 மெகாவாட் அலகு இரண்டு) வேறு மாதிரி. 89 சதவீதம் என்.எல்.சி., 11 சதவீதம் தமிழ்நாடு மின்வாரியம். அது பங்குச் சந்தையில் இல்லை. வெளியாள் வாங்குவதென்றால் தாய் நிறுவனமான என்.எல்.சி. பங்கைத்தான் வாங்க வேண்டும். அந்தப் பங்கும் லேசில் வெளியே வருவதில்லை. 2013இல் மத்திய அரசு கொஞ்சம் விற்க முனைந்தபோது நெய்வேலியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டன. எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது. ஆனாலும் 2024 மார்ச்சில் மத்திய அரசு சந்தையில் இன்னொரு 7 சதவீதம் விற்றது.

கேள்வி (உவரி): நம்ம கடற்கரைத் தாது மணலில்?

பதில்: மற்ற உலோகச் சுரங்கங்களில் முன் அனுமதியே இல்லாமல் 100 சதவீதம் வரை அந்நிய முதலீடு வரலாம். இந்த மணலில் இருக்கும் டைட்டானியம் தாதுவுக்கு மட்டும் மத்திய அரசு ஒப்புதல் வேண்டும், மதிப்புக்கூட்டும் ஆலையும் தொழில்நுட்பமும் இங்கேயே வர வேண்டும். அதே மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் இருப்பதால் அது அணுசக்தித் துறை விவகாரம். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். தமிழ்நாடு அரசு 2013இல் தாது மணல் அள்ளத் தடை போட்டதும் தெரியும்தானே? இந்த விஷயத்தில் கெடுபிடி இருக்கட்டும் என்பதே என் கட்சி. கரையை அரித்துவிட்டு எந்த முதலீடு வந்து என்ன?

கேள்வி (மேலப்பாளையம், இப்போது சவுதியின் தம்மாமில்): நான் மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் பங்கை வாங்கலாமா அண்ணாச்சி?

பதில்: தாராளமாக. என்.ஆர்.ஈ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் வங்கிக் கணக்கு) வாங்கினால், விற்ற பணத்தை வரி போக அங்கே கொண்டுபோகலாம். என்.ஆர்.ஓ. (இந்தியாவில் வரும் வருமானத்துக்கான கணக்கு) என்றால் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர்தான் உச்சம். ஆனால் ஒன்று. 2010இல் 245 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, 2020 அக்டோபரில் அதில் பாதிக்கும் கீழே கிடந்தது. இடையில் ஈவுத்தொகை நன்றாகவே கொடுத்தார்கள், அப்புறம் விலையும் ஏறியது. பத்து வருஷம் காத்திருக்க முடிகிற பணமா என்று பாருங்கள் தம்பி. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்ததென்றால் வேண்டாம்.